ஒரு நிமிடம்கூட நிற்காது

தூத்துக்குடித் துறைமுகத்தின் இதயம் கடற்கரையில் இல்லை. மதுரை பைபாஸில், உப்புக் குடோனை ஒட்டிய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் கேட்கும் குளிரில், இரவு பகலாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. அது ஒரு நிமிடம் நின்றால் கப்பல் நிற்கும், லாரி நிற்கும், தென்தமிழகத்தின் ஏற்றுமதியே நிற்கும்.

இதைச் சொன்னவர் ரோச். கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அந்த அறையின் ஏ.சி.யை உப்புக் காற்று தின்றுகொண்டிருந்ததால் சரிபார்க்க வந்திருந்த இரண்டு பேர். "ஸ்க்ரூ எல்லாம் துருப்புடிச்சிட்டு சார்," என்றார்கள்.

ரோச் ஒரு கன்டெய்னர் கம்பெனியின் ஐ.டி. தலைவர். தலைவருக்குக் கீழே அல்போன்சா என்ற இன்ஜினியர் ஒருத்திதான். கூட்டத்தில் மைக் கிடைத்தால் ரோச், தன் முன்னோர் மூச்சடக்கி முத்தெடுத்ததையும் தான் டேட்டா எடுப்பதையும் சேர்த்தே சொல்வார். அவருடைய அப்பா கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். கடலில் கால் நனைத்தால் சளி பிடிக்கும் என்று பயந்தவர்.

அறையில் இருந்தவை நான்கு பெரிய சர்வர்கள். அவற்றுக்குள், கையால் தொட முடியாத நாற்பது கம்ப்யூட்டர்கள் இருப்பதாக ஏற்பாடு. ஒன்று பில் போடும், ஒன்று கேட்டில் லாரியைப் பதியும், ஒன்று ஊழியர்களின் புகாரை வாங்கும். நாற்பதின் சொத்துபத்தும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டியின் சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது. புதிது ஏற்ற வேண்டும்.

சென்னைத் தலைமையகம் ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தது: அங்கே எதற்குத் தனியாக ஓர் அறை, எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்துவிட்டால் என்ன? இந்த மாத அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வார்களாம். அறை போனால் ரோச்சும் போக வேண்டியதுதான். ஐம்பது தாண்டிய வயதில், தலைவர் என்று அச்சடித்த விசிட்டிங் கார்டை நீட்டி, ஊருக்குள், மட்டக்கடைப் பக்கம், யாரிடம் வேலை கேட்பது?

ஆகவே சந்தடியில்லாமல் செய்ய வேண்டிய காரியத்தை, சனிக்கிழமை முற்பகலில், கேட்டில் லாரிகள் வரிசை கட்டும் நேரத்தில் செய்வது என்று தீர்மானித்தார். பெட்டிக்குள் அதை நடத்தும் கன்ட்ரோலர்கள் இரண்டு. ஒன்றில் புதிது ஏற்றும்போது மற்றது சுமை தாங்கும். ஒரு நிமிடம்கூட நிற்காது என்று எல்லோருக்கும் மெயில் போனது.

"ஞாயித்துக்கெழம வச்சுக்கிடலாம் சார்," என்றாள் அல்போன்சா.

"ஞாயித்துக்கெழம பாக்கதுக்கு யாரு இருக்கா?"

முதல் கன்ட்ரோலர் மாறியது. ரோச் கைதட்டினார். இரண்டாவதன் முறை வந்தபோது, புதுசாகிவிட்ட முதலாவது சுமை தாங்க மறுத்தது. திரையில் நாற்பது பெயர்களும் சாம்பல் நிறமாயின. பிறகு திரையே போய்விட்டது.

பெட்டி விற்ற கம்பெனிக்காரன் போனில் கேட்டான். "சார், ஸ்டோரேஜ மேனேஜ் பண்ற சர்வர் தனியாத்தானே இருக்கு?"

முன்பு தனியாகத்தான் இருந்தது. போன வருடம் ரோச் அதையும் தொட முடியாத கம்ப்யூட்டராக்கி அதே பெட்டிக்குள் தள்ளிவிட்டார், சாவியை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல. நூறு சதவீதம் விர்ச்சுவல் என்று கோயம்புத்தூர் மாநாடு ஒன்றில் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். தொண்ணூற்றொன்பதுக்குக் கேடயம் கிடையாது.

"அதுவும் உள்ளதான் இருக்கு."

கம்பெனிக்காரன் மாற்று வழி சொன்னான். "கேபிள எடுத்துப் பெட்டியில நேரா சொருகுங்க. மத்தியானம் ஆயிடும்."

அல்போன்சா கேபிளோடு தரையில் உட்கார்ந்தாள். ரோச் வராந்தாவுக்கு வந்து போனைக் கையில் பிடித்தபடி நின்றார். இனி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கத்துவார்கள். யாருக்கு என்ன பதில் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். போன் அடிக்கவில்லை. சிக்னல் இருந்தது. அல்போன்சாவை ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னார், அடித்தது. கீழே பைபாஸில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹார்பருக்குப் போய்க்கொண்டிருந்தன. கம்பெனியின் கன்டெய்னர்களும் அவற்றில் இருந்தன.

பொறுக்க முடியாமல் யார்டு சூப்பர்வைசர் தங்கப்பாண்டியை அவரே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, கேட்ல எத்தன லாரி நிக்கு?"

"ஒண்ணும் நிக்கலியே சார். அது பாட்டுக்குப் போவுது."

"சிஸ்டம் ஓடலியே, எப்படிப் போவுது?"

"சிஸ்டமா? அது எப்பவும் சாயங்காலந்தான சார். கன்டெய்னர் நம்பர போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல போட்டுருவோம். பில்லு போடுத புள்ள அதப் பாத்து லேப்டாப்புல முடிச்சிரும். வீட்டுக்குக் கெளம்பும்போது உங்க சிஸ்டத்துலயும் ஏத்திருவோம். ஏத்தலன்னா நீங்க சங்கடப்படுவியல்லா."

"எவ்வளவு நாளா?"

"அது கெடக்கு, ரெண்டு வருசமா."

ரோச் படியில் உட்கார்ந்துவிட்டார். பாதி நாள் நின்றது, ஒரு புகாரும் இல்லை என்று அறிக்கை போனால், அறையை மூட சென்னைக்காரர்கள் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். நாலு பேர் கோபமாகப் புகார் கொடுத்தால் திட்டுவார்கள். வேலையில் வைத்திருக்கிற ஆளைத்தான் திட்டுவார்கள்.

"அண்ணாச்சி, ஒரு ஒதவி. சிஸ்டம் நின்னு வேல கெட்டுட்டுன்னு ஒரு கம்ப்ளைன்ட் போடுங்களேன்."

"யாரு மேல?"

"எம் மேலதான்."

"நல்லா சொன்னிய போங்க. எம் மவளுக்கு காலேஜ்ல எடம் வாங்கித் தந்த மனுசன் மேல நான் கம்ப்ளைன்ட் போடுவனா?"

"இல்ல அண்ணாச்சி, நான் சொல்லுதது என்னன்னா..."

"நீங்க ஒண்ணும் கவலப்படாதிய. இங்கன ஒருத்தனும் போட மாட்டான். நான் பாத்துக்கிடுதேன்." போனைத் துண்டிப்பதற்குள் யார்டு முழுக்கக் கேட்கிற குரல் வந்தது. "ஏலே, ரோச் சார் மேல எவனாவது கம்ப்ளைன்ட் கிம்ப்ளைன்ட்னு போனிய, தொலச்சிருவேன்."

தங்கப்பாண்டி சொன்ன சொல் மாறாதவர்.

சாப்பாட்டு வேளையில் பெட்டி உயிர்பிடித்தது. நாற்பது பெயர்களும் பச்சையாயின. அல்போன்சா புகார்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். காலியாக இருந்தது.

"தப்பிச்சோம் சார். யாருக்குமே தெரியல," என்றாள்.

"நீ போய் சாப்புடு."

"நீங்க வரலியா?"

"பசிக்கல."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அந்தக் குளிரில், மின்விசிறிகளின் இரைச்சலில், ரோச் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை சென்னைக்குப் போன அறிக்கையில், சனிக்கிழமை வந்த புகார் ஒன்று என்று இருந்தது. கொடுத்தவர் பெயர் ரோச்.