ஒரு கரண்டி பழைய சாஸ்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். தெருவுக்கே அவன் ‘அவசரம்’. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரிதான் எந்நேரமும் நிற்பான். உட்கார்ந்து சாப்பிட்டதை அவன் பெண்டாட்டிகூடப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் பிழைப்புக்கென்று பிடித்துக்கொண்டது எதை? நாள் முழுக்கப் பொறுமையாக எலும்பைக் கொதிக்கவைத்து, அந்தச் சூப்பில் நூடுல்ஸைப் போட்டுக் கொடுக்கும் ஜப்பான்காரர்களின் ராமெனை. விதி யாரை விட்டது!

அவன் கடைக்குப் பக்கத்துச் சுவர் தையல்காரர் பாயுடைய கடை. அவசரத்தின் ஏப்ரனைத் தைத்துக் கொடுப்பதும் பாய்தான், அவன் கத்துகிற கத்தலுக்குச் சுவரைத் தட்டி அடக்குவதும் பாய்தான். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு வாய் ராமென் அவர் சாப்பிட்டதில்லை. எப்படிச் சாப்பிடுவார்? சூப்பு பன்றி எலும்பு, சாஸில் அரிசி மது. அவசரமும் கேட்டதில்லை, அவரும் முகம் சுளித்ததில்லை. எப்போதாவது கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, “ஏன்யா, உன் கடையில எல்லாரும் இப்படிச் சத்தம் போட்டு உறிஞ்சுறாங்களே, அப்படி என்னதான் இருக்கு அதுல?” என்பார். அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி அவன் மனசில் தைத்தது பாய் மகளின் கல்யாணத்தன்று. பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அவர் வீட்டுச் சாப்பாட்டை வெக்கமில்லாம வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு வர்றேன். அவருக்கு என் கடையில ஒரு வாய் போட வக்கில்ல. இதெல்லாம் ஒரு கடையா?”

“அதுக்கு இப்ப என்ன பண்ணணும்ங்கறீங்க?” என்றாள் மனைவி.

“மாத்தணும். எல்லாத்தையும் மாத்தணும்.”

மாற்றினான். கடையைக் கொஞ்ச நாள் சாத்தினான். பன்றி போயிற்று. ஹலால் கறிக்கடையிலிருந்து கோழி எலும்பு வந்தது. பானை, கரண்டி, வெட்டும் பலகை அத்தனையும் புதுசு. சோயா சாஸில்கூட மது கலந்திருக்கும் என்று பாய்தான் சொன்னார். தையல் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பித் திருப்பிப் படித்து, ஆகாததை ஒதுக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவசரம் விடவில்லை. அது ஒரு மண் சட்டி. அவனுக்கு முன்னால் கடையை நடத்திய ஜப்பான்காரர் ஊர் திரும்பும்போது கையில் கொடுத்துவிட்டுப் போனது. அதில் இருக்கிற சாஸ் காலியானதே கிடையாது. எடுக்க எடுக்க, பன்றி வெந்த சாறும் மதுவும் சோயாவும் மேலே ஊற்றிக்கொண்டே வருவார்கள். நேற்றுப் பாலுக்கு முந்தாநாள் மோர் உறை குத்துகிற கணக்குத்தான். கடையின் ருசியெல்லாம் அந்தச் சட்டிக்குள் இருந்தது. அதன் வாயைத் துணியால் கட்டி, பின்னறை அலமாரிக்கு மேலே ஏற்றிவைத்தான்.

“அதான் வேணாம்னு ஆயிடுச்சே, கொட்டிடுங்க” என்றாள் மனைவி.

“உயிரோட இருக்கறதை எவளாவது கொட்டுவாளா?” என்று சள்ளென்று விழுந்தான்.

புது சாஸை அன்றிலிருந்து காய்ச்சினான், காய்ச்சினான், காய்ச்சிக்கொண்டே இருந்தான். நக்கிப் பார்ப்பான். “ஏதோ குறையுது” என்பான். சர்க்கரையைக் கூட்டுவான், காளானைக் கூட்டுவான். மறுபடி நக்குவான். “ஏதோ குறையுது.” படுத்தால் புரள்வான், எழுந்தால் நடப்பான். கூடவே இருப்பவளுக்கு எப்படி இருக்கும்? அவள் சுவரைப் பார்த்துத்தான் பெருமூச்சு விட்டாள். கடையை மறுபடி திறக்கும் நாளில் பாய் தன் மகளையும் மருமகனையும் புதுச் சம்பந்தியம்மாவையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டார். “பக்கத்துக் கடைக்காரன் சொன்னா சொன்னதுதான்னு அவங்ககிட்ட சொல்லிருக்கேன்ப்பா” என்றார்.

அந்த நாள் காலை. சாஸ் பானையின் மூடியைத் திறந்து, கரண்டியில் சாஸை எடுத்து நாக்கில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். குறையவில்லை! எதுவுமே குறையவில்லை! ஒரு இரவு ஊறியதில் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. “அடி சக்கை!” என்று துள்ளினான். ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, இந்தச் சாஸைக் கலந்து, எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினான். பாய் வாயில் குண்டூசி கவ்வியிருந்தார்.

“ஊசியைத் துப்புங்க பாய்! முதல் வாய் உங்களுக்குத்தான்.”

பாய் ஊசிகளை எடுத்து வைத்தார், பிஸ்மி சொன்னார், ஒரு கரண்டி குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“அடப்பாவி! இதுக்குத்தான் உறிஞ்சுறாங்களா!”

அவசரத்துக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி வந்து, பெருமைக்காக இன்னொரு சொட்டு நக்கினான். அப்போதுதான் நாக்கின் அடியில் ஒன்று தட்டுப்பட்டது. தெரிந்த ருசி அது. ரொம்ப நாள் தெரிந்த ருசி. பின்னறைக்குப் போய்ப் பார்த்தான். சட்டியின் வாயில் இருந்த துணியில் முடிச்சு வேறு மாதிரி விழுந்திருந்தது.

“ஏய்… இங்க வா.”

அவள் ஈரக் கையோடு வந்தாள். அவன் பார்வை போன இடத்தைப் பார்த்தாள்.

“ஒரே ஒரு கரண்டிதாங்க” என்றாள். “அவ்வளவு பெரிய பானையில ஒரு கரண்டி. உறை மோர் மாதிரி. நீங்க தூங்காம கொள்ளாமப் பைத்தியம் புடிச்ச மாதிரி அலைஞ்சீங்க. எனக்குப் பார்க்க முடியல.”

“பாய் குடிச்சுட்டாருடி.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளையா திட்டுவது? சாஸ் பானையை அப்படியே கவிழ்த்தான். சாஸ் தொட்ட கரண்டி, கிண்ணம் எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போட்டான். சூப்புப் பானை தனி, அதில் சாஸ் படவில்லை. நூடுல்ஸும் தனி. உப்பை மட்டும் போட்டுக் கொடுக்கலாம். சரி, சம்பந்திகளைக் காப்பாற்றியாயிற்று. காலையில் குடித்த அந்த ஒரு கரண்டியை என்ன செய்வது? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ‘சொல்லிடலாம்’ என்று வாசல்வரை போனான். ‘சாப்பிட்டுப் போகட்டும்’ என்று திரும்பினான். அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தே அவன் கால் தேய்ந்தது.

அவர்கள் வந்தார்கள். உப்புப் போட்ட ராமென் போயிற்று. பாயின் மகள், “சித்தப்பா, சூப்பர்!” என்றாள். பாய் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“காலையில கொடுத்தது இது இல்லையே?”

“அது… அது சரியா வரல பாய்” என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கே பிடிக்கவில்லை.

சம்பந்தியம்மா மெதுவாகப் பேசும் மனுஷி. “வெளியில சாப்பிட்டா இதுல என்ன கலந்திருக்குமோன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்கும் தம்பி. இன்னைக்குத்தான் நிம்மதியாச் சாப்பிடறேன்” என்றார்.

பாய் எழுந்து வந்து அவசரத்தின் தோளில் கை போட்டார். “நான்தான் சொன்னேனே சம்பந்தி. இவன் வாயில பொய் வராது.”

அந்தக் கையின் கனத்தை அவனால் தாங்கமுடியவில்லை. கொட்டிவிட்டான். பழைய சட்டி, ஒரு கரண்டி, காலையில் பாய் குடித்தது, எல்லாவற்றையும். உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி, “தப்பு என்னோடதுங்க” என்றாள். “இல்ல. சட்டியை வச்சிருந்தவன் நான்” என்றான் அவன்.

சம்பந்தியம்மா கிண்ணத்தைப் பார்த்தார். “இதுல?”

“இதுல இல்லம்மா. சத்தியமா உப்பு மட்டும்தான்.”

நம்பினாரோ இல்லையோ, கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஒருவரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கையைக் கழுவிக்கொண்டு மரியாதையாக விடைபெற்றுப் போனார்கள். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பாய் கடைசியாகப் போனார். வாசலில் நின்றார்.

“தெரியாமக் குடிச்சது என் கணக்குல வராது. ஆண்டவனுக்குத் தெரியும். ஆனா உனக்குத் தெரிஞ்ச பிறகும் என் முன்னாடி சிரிச்சியேப்பா. சரியா வரலைன்னு சொன்னியே. அதான் உள்ள இறங்கமாட்டேங்குது.”

மத்தியானம் முழுக்கப் பக்கத்துச் சுவரில் தையல் மெஷின் சத்தம் இல்லை. கடை வாசலில் புதிதாக மாட்டியிருந்த ‘ஹலால்’ பலகையை அவசரம் கழற்றி வைத்தான். பின்னறைக்குப் போய்ச் சட்டியை இறக்கினான். சாக்கடை வாயில் நின்று சாய்த்தான். கறுப்பாக, கெட்டியாக, மெதுவாக இறங்கியது அது. அவன் அவசரத்துக்கு அது வளைந்து கொடுக்கவில்லை. குழந்தை மாதிரி தேம்பி அழுதான். பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள் மனைவி.

மறுநாள் காலை பாய் வந்தார். கையில் ஒரு ஸ்டூல், தோளில் தைக்கவேண்டிய சட்டை.

“பலகை எங்க?”

“கழட்டிட்டேன் பாய்.”

“சட்டி?”

“கொட்டிட்டேன்.”

பாய் பின்னறைக்குப் போனார். அலமாரி மேல் விரலை ஓட்டினார். தூசிக்கு நடுவில் வட்டமாக ஒரு இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. திரும்பி வந்து அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“சமை. நான் பார்க்கறேன்.”

சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே அவன் போட்டது, ஊற்றியது, கலக்கியது அத்தனையையும் பார்த்தார். கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தான். பிஸ்மி சொன்னார், குடித்தார், மென்றார்.

“ஏதோ குறையுதுய்யா” என்றார்.

“குறையட்டும் பாய். குறையலைன்னாத்தான் இனிமே எனக்குப் பயம்.”

பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “சம்பந்தி வீட்டுக்கு நான் பொறுப்பில்ல. அவங்க வருவாங்களோ மாட்டாங்களோ” என்றார். பிறகு குனிந்து, ஊரே கேட்கிற மாதிரி நூடுல்ஸைச் சர்ரென்று உறிஞ்சினார். “நின்னுக்கிட்டே இருக்காத. உனக்கும் ஒண்ணு போட்டுட்டு வந்து உக்காரு.”