ஒரு புத்தகம் செர்ரி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்து எங்கள் வீட்டில் என்று நான் சொன்னதும் என் மாமியார் ஒதீல் கரண்டியைக் கீழே வைத்தார்.

கல்யாணமாகி பிரான்சில் இந்த ஃபிஜாக் ஊருக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அத்தனை ஞாயிறும் அவர் வீட்டு மேஜையில் விருந்தாளியாக உட்கார்ந்து, துடைக்க ஒரு தட்டுகூடக் கிடைக்காமல் எழுந்து வந்தவள் நான்.

"நீங்க நல்லாவே சமைப்பீங்க, ஜிபேக். அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா சந்தைக்கு யார் போறது?"

"நானே போவேன்."

"விரலை நீட்டிக்கிட்டா?"

என் கணவன் கயெத்தான் தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கிர்கிஸ்தானிலிருந்து வந்த நாள் முதல் சந்தையில் எனக்கு மொழி என் ஆள்காட்டி விரல்தான். அதிலும் ஓர் ஆபத்து இருந்தது. இங்கே கடைக்காரர்கள் எதை நிறுத்துக் கொடுத்தாலும் உடனே, "அதோட வேற என்ன?" என்று கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவோ என்று பயந்து வேறொன்றைக் காட்டுவேன். வெங்காயம் வாங்கப் போய் இரண்டு முட்டைக்கோசும் ஒரு பூசணித் துண்டுமாக வீடு திரும்பிய நாட்கள் உண்டு.

"சரி," என்றார் ஒதீல். "சனிக்கிழமை நான் எழுதித் தர்ற பட்டியல் முழுக்க வாயால கேட்டு வாங்குங்க. விரல் நீளக் கூடாது. வாங்கிட்டீங்கன்னா ஞாயித்துக்கிழமை எல்லாரும் உங்க வீட்டுக்கு வர்றோம். இல்லன்னா வழக்கம்போல இங்கதான்."

"நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

"எதிர்ல காப்பி குடிப்பேன்."

அன்று மாலையே எங்கள் சமையலறையில் பள்ளிக்கூடம் தொடங்கியது. கயெத்தான் ஏப்ரன் கட்டிக்கொண்டு பாத்திரத் தொட்டிக்கு அந்தப்பக்கம் கடைக்காரன் ஆனான். எனக்குச் சொற்கள் சிரமமில்லை; அவற்றின் ஆண்பால் பெண்பால்தான் உயிரை வாங்கியது. எங்கள் மொழியில் அவனுக்கும் அவளுக்குமே ஒரே சொல். இங்கேயோ காலிஃபிளவர் ஆண், காரட் பெண், முள்ளங்கி ஆண்.

"உருளைக்கிழங்கு?" என்று கேட்டான் கயெத்தான்.

"ஆண். உன்ன மாதிரியே இருக்கு."

"பெண். அதோட வேற என்ன, மதாம்?"

"ஒரு முத்தம்."

"அது எடை போட்டுத் தர்றதில்ல. முதல்ல 'அவ்வளவுதான்'னு சொல்லப் பழகு."

"அதைச் சொல்லிட்டா முத்தம் கிடைக்காதே."

அன்று பாடம் அத்தோடு நின்றது.

இருந்தும் ஒரு சொல் என்னைப் பயமுறுத்திக்கொண்டே இருந்தது. அது 'லீவ்ர்'. 'யூன் லீவ்ர்' என்று பெண்பாலில் கேட்டால் அரைக்கிலோ. 'அங் லீவ்ர்' என்று ஆண்பாலில் கேட்டால் ஒரு புத்தகம். குளிர்காலத்தில் பழக்கடை தெல்போவிடம், விரலை விட்டு வாயைத் திறந்த ஒரே நாளில், நான் ஒரு புத்தகம் வால்நட் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல், "இந்த வாரம் என்ன படிக்கிறீங்க, மதாம்?" என்று சந்தை முழுக்கக் கேட்கிறமாதிரி விசாரிப்பார். அவர் கடையைச் சுற்றிக்கொண்டு போகவும் பழகியிருந்தேன். ஆனால் ஒதீலின் பட்டியலில் கடைசி வரி செர்ரி. ஜூன் மாதத்தில் நல்ல செர்ரி தெல்போவிடம் மட்டும்தான்.

சனிக்கிழமை காரை ஓரமாக நிறுத்திவிட்டு, கூடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சந்தைக்குள் இறங்கினேன். முதலில் வணக்கம்; அது இல்லாமல் இந்த ஊரில் உப்புகூடக் கிடைக்காது. உருளைக்கிழங்கைப் பெண்ணாகவே கேட்டேன். முள்ளங்கி ஒரு கட்டு வந்தது. ஆட்டுப்பால் சீஸ் விற்கும் அம்மா மட்டும் கயெத்தான் சொல்லித் தராத கேள்வியைப் போட்டார்.

"எப்ப சாப்பிடறதுக்கு?"

ஒரு கணம் திகைத்தேன். பிறகு, "நாளைக்கு மதியத்துக்கு," என்றேன்.

அவர் எடுத்து வைத்ததைப் பார்த்தேன். ஓரம் தளர்ந்து ஈரம் கோத்திருந்தது. எங்கள் நாட்டு நரீன் மலையின் கோடை மேய்ச்சலில் பாலோடும் தயிரோடும் வளர்ந்தவளுக்கு அது தெரியாதா?

"இது இன்னைக்கே சாப்பிட வேண்டியது, மதாம். எனக்கு நாளைக்கானது குடுங்க."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

அந்தத் தெம்போடு செர்ரிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர். எதிர்க் காப்பிக் கடையில் ஒதீல் கோப்பையை வாயருகில் வைத்தபடி குடிக்காமல் இருந்தார். என் முறை வந்தது. தெல்போ என்னைப் பார்த்ததும் தராசைத் துடைத்தார்.

"வாங்க, வாங்க. ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு நாவலா, கவிதையா?"

வரிசை சிரித்தது. என் காதுமடல் சுட்டது. விரல் தானாகவே கூடைப்பிடியிலிருந்து கழன்றது, மறுபடி இறுக்கிக்கொண்டேன்.

"வணக்கம், முசியே தெல்போ. யூன் லீவ்ர் செர்ரி." மூச்சு வாங்கிக்கொண்டேன். "ஒரு பக்கம்கூடக் குறையக் கூடாது."

தெல்போவின் கை செர்ரிக் குவியலில் அப்படியே நின்றது. எனக்குப் பின்னாலிருந்த கிழவர்தான் முதலில் சிரித்தார். பிறகு வரிசை முழுவதும் சிரித்தது. இந்தமுறை என்னைப் பார்த்தல்ல.

"நல்லா வேணும் உனக்கு," என்றார் கிழவர் தெல்போவிடம்.

தெல்போவும் சிரித்துவிட்டார். நிறுத்து முடித்தபின் ஒரு கைப்பிடி அள்ளி மேலே போட்டார். "இது முன்னுரை, மதாம். இலவசம். அதோட வேற என்ன? ஆப்ரிகாட் பழம் இன்னைக்குத்தான் வந்திருக்கு, தேன் மாதிரி."

"அவ்வளவுதான், முசியே."

சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. நல்ல நாளாக இருக்கட்டும் என்று வாழ்த்தினார். நானும் வாழ்த்திவிட்டு வந்தேன்.

ஒதீல் அதற்குள் தெருவைக் கடந்து வந்திருந்தார். கூடைக்குள் பார்த்தார். பட்டியலில் இல்லாத ஒரு முட்டைக்கோசாவது இருக்கிறதா என்று தேடினாரோ என்னவோ. ஒரு செர்ரியை எடுத்துத் தின்று, கொட்டையைக் கைக்குட்டையில் துப்பி மடித்துக்கொண்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"பன்னிரண்டரைக்கு."

"நாற்காலி போதுமா உனக்கு?"

உனக்கு. பதினான்கு மாதமாக 'உங்களுக்கு' என்றே பேசியவர். பிரெஞ்சில் நான் இன்னும் எதைத் தவறவிட்டாலும் அந்த ஒரு சொல் வித்தியாசம் என் காதில் தப்பாது.

"ரெண்டு குறையும், ஒதீல்."

"கொண்டு வர்றேன். அதோட வேற என்ன?"

"ஒண்ணும் வேண்டாம். ஆனா நாளைக்கு உங்களுக்குத் துடைக்க ஒரு தட்டுகூடத் தர மாட்டேன்."

"அதையும் பார்ப்போம்," என்று கூடையின் ஒரு பக்கப் பிடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "கார் எங்க நிக்குது?"

எனக்கு ஒரு கை காலியாகியிருந்தது. விரலை நீட்டிக் காட்டினேன்.