விடுபட்ட ஒன்பதாவது கட்டளை

"எட்டாவதுக்கு அப்புறம் நேரா பத்தாவது. நடுவுல இருந்தது இன்னா ஆச்சு?"

"கண்ணு தவறிடுச்சு. ஒரு வரி தாண்டிட்டேன்."

"நீ புக்கப் பார்த்தா வாசிச்ச? உனக்கு அது மனப்பாடம்."

சாம்சன் முன்னால் நின்ற வண்டிகளை எட்டிப் பார்த்தான். பைக் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. ஒரகடம் கூட்டுரோட்டுக்கு முன்னால் ஏதோ லாரி பழுதாகி நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். இடப்பக்கம் கண்டெய்னர், வலப்பக்கம் புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர், பின்னால் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ். வெயில் இரண்டு வண்டிகளின் தகரத்திலும் பட்டு நடுவில் இறங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஹெப்சிபா, ஏறியதிலிருந்து அவன் முதுகோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல்.

மணிமங்கலத்துக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊர் ஆலயத்தில் இன்று அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து. அதற்கு முன்னால் பத்துக் கட்டளைகளையும் யாராவது ஒருவர் வாசிப்பது வழக்கம். ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு சபை முழுவதும் ஒரே குரலில், எங்களுக்கு இரங்கும், எங்கள் மனதை இதன் பக்கம் திருப்பும் என்று கடவுளிடம் கேட்கும். இன்று சாம்சனின் முறை. களவு செய்யாதே என்று வாசித்தான். சபை கேட்டது. அடுத்ததாகப் பிறர் பொருளை இச்சியாதே என்று வாசித்தான். அதற்கும் சபை கேட்டது. ஆயர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில், இருக்கவேண்டிய இடத்தில் இல்லாத திருகாணியைக் கண்டுபிடிப்பதுதான் ஹெப்சிபாவின் வேலை.

"நாளைக்கு கம்பெனியில விசாரணை. அதான?" என்றாள்.

அதுதான். சாம்சன் வேலை செய்யும், தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் இயந்திரத்தில் இரண்டு பட்டன்கள் உண்டு. ஆளின் இரண்டு கைகளும் அந்த இரண்டு பட்டன்களையும் அழுத்தினால்தான் மேலிருக்கும் இரும்பு அச்சு இறங்கும். கை உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு பட்டனில் ரப்பர் துண்டைச் சொருகிவிட்டால் அது அழுத்தியபடியே நிற்கும். ஒரு கை மிச்சம், வேலையும் வேகம். பக்கத்து பிரஸ்ஸில் சுப்பிரமணி அப்படித்தான் சொருகினார். மிச்சமான கையால் தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது இன்னொரு கை பழக்கத்தில் அழுத்திவிட்டது. இரண்டு விரல்கள் போயின.

தனக்கு முந்தைய ஷிஃப்டில் இருந்த கொம்பையாதான் ரப்பரை வைத்துவிட்டுப் போனான் என்று சுப்பிரமணி எழுதிக் கொடுத்திருந்தார். கொம்பையா தென்காசிப் பக்கத்துக்காரன், அந்த ஷிஃப்டை முடித்த கையோடு தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தான். பார்த்த சாட்சி சாம்சன் ஒருவன்தான். கட்டுப்போட்ட கையோடு சேரப்பணஞ்சேரி வீட்டில் படுத்திருந்த சுப்பிரமணி, பார்க்கப் போன சாம்சனிடம் அதிகம் பேசவில்லை. "அவன் எங்கனாச்சும் போயி பொழச்சிக்குவான்பா. பத்து வெரலும் கீது," என்றார். அவ்வளவுதான்.

"இன்னா சொல்லப் போற?"

"எதச் சொன்னாலும் ஒருத்தன் வேலை போவும்."

"அதுக்குதான் ஒரு கட்டளைய எடுத்து பாக்கெட்டுல போட்டுக்கினியா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. டிரெய்லரின் மேல்தட்டில் இருந்த வெள்ளைக் காரை அண்ணாந்து பார்த்தான். இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. அதற்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டால், துறைமுகம் போய், கப்பலேறி, தன் பெயர் யாருக்கும் தெரியாத ஒரு நாட்டில் இறங்கலாம். டிரெய்லரும் நகரவில்லை.

"பயமா இருந்துச்சு," என்றான். "இன்னிக்கு இந்த வாயால அதப் படிச்சுட்டு, நாளைக்கு இதே வாயால எப்படிச் சொல்றது?"

 ஹெப்சிபாவின் குரல் தணிந்தது.

"கொலைக்கு இரக்கம் கேட்டோம். களவுக்குக் கேட்டோம். நீ வாசிக்காம வுட்டதால பொய்ச்சாட்சிக்கு மட்டும் யாரும் கேக்கல. நானும் கேக்கல. எனக்கும் அது வேணும்ல? நான் இன்னா பொய்யே சொல்லாதவளா?"

அவன் கைகள் ஹேண்டில்பாரை விடவில்லை. ரப்பர் சொருகிய பிரஸ் மாதிரி, காலையில் ஆராதனையும் நிற்காமல்தான் ஓடியிருந்தது. கட்டளையை மறைத்துவிட்டால் அதிலிருந்து தப்பித்துவிடலாம் என்று நினைத்தான். அதோடு சேர்ந்து போனது என்ன என்று நினைக்கவில்லை.

"சுப்பிரமணி அண்ணனுக்கு அந்த ரப்பர் எங்கேர்ந்து கெடச்சுது?" என்று கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்டது போலத் தெரியவில்லை. இல்லாத திருகாணியைத் தேடும் அதே குரல்தான்.

பழைய கன்வேயர் பெல்ட்டிலிருந்து பிளேடால் வெட்டியது. வெட்டியவன் சாம்சன். ஒரு துண்டைத் தன் பட்டனில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை, எடுத்துக்கோ அண்ணே, தோள் வலிக்காது என்று பக்கத்து பிரஸ்ஸுக்கு நீட்டியதும் அவன்தான். அன்றைக்குச் சுப்பிரமணி அலறியபோது முதலில் தன் பட்டனிலிருந்த துண்டைப் பிடுங்கிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் ஓடினான். இத்தனை நாளும் சுப்பிரமணியா, கொம்பையாவா என்று இரவெல்லாம் புரண்டவன், மூன்றாவது பெயர் ஒன்று இருப்பதை நினைத்துப் பார்க்கவே இல்லை. அதைச் சொன்னால் கொம்பையா தப்பிப்பான். சுப்பிரமணி தனியாக நிற்கவேண்டியிருக்காது. பக்கத்தில் சாம்சன் நிற்பான். பென்னலூர் வாடகை வீடு, அடுத்த வருடம் நிரந்தரமாகும் என்றிருந்த வேலை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு அந்தப்பக்கம் போய்விடும்.

கேட்டவளுக்கே பதிலும் புரிந்திருக்க வேண்டும். அவன் தோளில் இருந்த அவள் கை விலகியது. சற்றுப் பொறுத்து மறுபடி வந்து அமர்ந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே சுப்பிரமணிதான் என்று தெரிந்தது. அதிர்ந்து, ஓய்ந்து, மறுபடி அதிர்ந்தது. அவன் அதைத் தொடவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தான். முன்னால் எதுவும் அசையவில்லை.

ஹாரன் நின்றதும் சாம்சன் லேசாகத் தலையைத் திருப்பினான். பைக்கின் பக்கக் கண்ணாடியில் அவள் தாடையும் கழுத்துச் சங்கிலியும் மட்டும் தெரிந்தன.

"ஹெப்சி, அந்த ஒன்பதாவத நீ வாசியேன். இப்பவே, இங்கயே. சபை மாதிரி நான் பதில் சொல்றேன்."