மது அழைத்த விருந்து

மதுவந்தி போனில், "அப்பா, சனிக்கிழமை சாயங்காலம் என்னோட ஒரு டின்னருக்கு வரேளா? இத்தாலியன் சாப்பாடு. உங்களுக்கு வெஜ் சொல்லிடறேன்," என்று கேட்டதும் வேதாந்தம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். சனிக்கிழமை சாய்சரணின் பிறந்தநாள்.

"வரேம்மா," என்றார்.

சாய்சரண் அவருக்கு ஒரே மகன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிண்டி ஆபீஸில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டான். மருமகள் மதுவந்தி அதற்குப் பிறகும் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து போவதை நிறுத்தவில்லை. இவரையும் இவர் மனைவி ஜானுவையும் டாக்டரிடம் கூட்டிப் போவதும் அவள்தான்.

ஜானு வர மறுத்துவிட்டாள். "அங்க எல்லாரும் ஒயின் குடிப்பா. அந்த வாடை எனக்கு ஆகாது. நீங்க போங்கோ. பாவம், அன்னிக்குன்னு பார்த்து அவ தனியா உட்கார வேண்டாம்."

விருந்து அடையாறில் ஒரு ஹோட்டல் மாடியில். கோடைக்காக ஒரு வாரம் மட்டும் இத்தாலியிலிருந்து சமையற்காரர் வந்திருந்தார். நீள மேஜையில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எந்த ஒயின் பொருந்தும், ஏன் என்று ஒரு பெண் சொல்லிச் சொல்லி ஊற்றினாள். வேதாந்தத்துக்கு மட்டும் திராட்சை ஜூஸ்.

வெண்ணெய் உருண்டை போல ஒரு சீஸ் வந்தது. கத்தி பட்டதும் உள்ளேயிருந்து பாலாடை வழிந்தது.

"அவனுக்கு இது பிடிக்குமோ?" என்று கேட்டார்.

"ரொம்ப. ரெண்டாவது பிளேட்டும் கேட்டு வாங்குவார். எனக்கு மானம் போகும்." சிரித்தாள்.

பிறந்தநாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இனிப்பு வரும்போது சொல்வாள் என்று வேதாந்தம் நினைத்துக்கொண்டார்.

அடுத்த தட்டு வந்ததும் மதுவந்தி ஃபோர்க்கைக் கீழே வைத்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். ஆத்துல அம்மா முன்னாடி சொல்ல தைரியம் வரலை. அதான் இங்க கூப்பிட்டேன்."

"சொல்லும்மா."

"பிரணவ்னு, என்கூட வேலை பார்க்கறார். ஆவணியில கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

இப்படியே இருந்துவிடாதே என்று அவளிடம் முன்பு சொன்னவரே அவர்தான். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அது நடக்கும்போது இவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நல்லவரா?"

"நல்லவர்ப்பா."

"அது போறும்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாளாகச் சுமந்ததை இறக்கி வைத்தவள்போல முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் வேதாந்தத்துக்குப் புரிந்தது. இன்றைக்கு என்ன நாள் என்று இவளுக்கு நினைவே இல்லை. சொல்லக்கூடாது என்று முடிவு செய்து ஜூஸை எடுத்துக் குடித்தார்.

"போட்டோ காட்டட்டுமா?" என்று அவள் செல்போனைத் திறந்தாள்.

பழைய வருஷங்களில் இதே தேதியில் எடுத்த படங்களை அதுவே எடுத்துக் காட்டியது. சாய்சரண் கன்னமெல்லாம் கிரீமோடு கேக் வெட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கை தட்டிக்கொண்டு அவள்.

மதுவந்தியின் கை அப்படியே நின்றது.

"அப்பா... இன்னிக்கு..."

"ஆமாம்மா."

"அதுக்காகத்தான் வந்தேளா?"

வேதாந்தத்தால் பொய் சொல்ல முடியவில்லை. தட்டைப் பார்த்தார்.

"எப்படிப்பா மறந்தேன்? காலைலேர்ந்து ஒரு தடவைகூடத் தோணலையே. அவரைப் போய் மறந்துட்டேனே!" அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எதிரில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒயின் பாட்டிலோடு வந்த பெண் இவர்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

வேதாந்தம் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவள் கண்ணைத் துடைக்கும்வரை பொறுத்திருந்தார்.

"பிரணவோட போட்டோ காட்டறேன்னியே. காட்டு."

"வேண்டாம்ப்பா. இன்னிக்கு வேண்டாம்."

"நான் பார்க்கணும், மது."

அவள் படங்களைத் தள்ளித் தள்ளி ஒரு படத்தில் நிறுத்தினாள். கண்ணாடி போட்ட ஒருவன் மழையில் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தான். வேதாந்தம் வெகுநேரம் பார்த்தார்.

"நன்னா இருக்கார்," என்றார்.

இனிப்பு வந்தது. இருவரும் தொடவில்லை.

அவள் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கினாள். உள்ளே வரவில்லை. "அம்மாகிட்ட நாளைக்கு நானே வந்து சொல்றேன்ப்பா," என்றாள்.

ஜானு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மதுவுக்கு ஞாபகம் இருந்துதோ?"

"இருக்காதா பின்னே? பூரா அவன் பேச்சுதான்."

"எனக்குத் தெரியும்," என்று ஜானு தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ நம்ம பொண்ணாச்சே."

வேதாந்தம் கை அலம்பப் போவதாகச் சொல்லி உள்ளே போனார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதார்.