எதிரில் நிற்க ஒருவர்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்திலிருந்து வந்தது. மாலைநேர எழுத்து வகுப்பில் கொடுத்த தலைப்பு: 'தினமும் உடற்பயிற்சி செய்தால் நன்றாகத் தூக்கம் வரும், மனம் லேசாகும்.' இரண்டு பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். சொல்ல வேண்டியதைத் தலைப்பே சொல்லி முடித்துவிட்டதால் எனக்கு ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. அந்த வரியையும் அடித்துவிட்டபோதுதான் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது.

2

முதல் தொடக்கம்: விடியற்காலையில் பெரியப்பா கண்விழித்து—

(வேண்டாம். கண்விழிக்க வேண்டுமானால் முதலில் தூங்கியிருக்க வேண்டும்.)

இரண்டாவது: உறக்கம் என்பது உடலின்—

(இது மறுபடியும் வீட்டுப்பாடம்.)

மூன்றாவது: பெரியப்பா வேலை பார்த்த மின்விசிறித் தொழிற்சாலையில் எந்திரங்கள் ஓடத் தொடங்கும் முன் எல்லோரும் உடற்பயிற்சிக்கு வெளியே வரிசையாக நிற்பார்கள். பெரியப்பா ஒரு மரப்பெட்டி மேல் ஏறி அவர்களைப் பார்த்து நிற்பார். அவர் வேலை மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதுதான். ஆனால் பயிற்சி நேரத்தில் மேலாளர் உட்பட எல்லோரும் அவர் எண்ணுகிற எண்ணிக்கைக்குக் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். "வலது" என்று குரல் கொடுத்துத் தன் இடது கையைத் தூக்குவார். எதிரில் நிற்பவர்களுக்குக் குழப்பம் வரக் கூடாதே. யார் சோம்பினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"என்ன மாப்ள, தோள்ல குருவி உக்காந்திருக்கா? பறந்தா பறக்கட்டும், தூக்கு."

சிரித்துக்கொண்டே வேர்ப்பார்கள். வேர்த்துக்கொண்டே உள்ளே போவார்கள். அந்தக் காலத்தில் பெரியம்மாவுக்கு இருந்த ஒரே குறை, "விளக்க அணைக்கிறதுக்குள்ள தூங்கிடுறாரு, ஒரு வார்த்தை பேச முடியல" என்பதுதான்.*

* பெரியம்மாவும் அங்கேதான், பெட்டி கட்டும் பிரிவில் இருந்தார். கல்யாணம் அதற்கப்புறம். இதைக் கதைக்குள் எங்கே சொருகுவது என்று தெரியாமல் இங்கே வைத்திருக்கிறேன்.

3

ஓய்வு பெற்றதும் வீட்டுக் கூடத்தில் தனியாகச் செய்து பார்த்தார். "வலது" என்று வாய் சொன்னது. இடது கை மேலே போனது. எதிரில் ஆட்கள் இருந்தபோது அது சரி. சுவர் இருக்கும்போது வெறும் தப்பு. கை பாதியில் நின்றது. சில நாளில் விட்டுவிட்டார்.

அதோடு தூக்கமும் விட்டுப்போயிற்று. தூக்கத்தின் பின்னாலேயே நல்ல குணமும் கிளம்பியது. குழாய் சொட்டினால் கோபம், சொட்டாவிட்டால் தண்ணீர் வரவில்லை என்று கோபம். பெரியம்மா வெங்காயம் நறுக்கும் சத்தம்கூடத் தன்னைக் குத்திக்காட்டுவதாக அவருக்குத் தோன்றியது.

மருத்துவர் சொன்னார்: "பழைய பயிற்சிய விடாம செய்யுங்க. தூக்கம் தானா வரும்."

"எனக்கே பயிற்சி சொல்லித் தர்றான்" என்று வீட்டுக்கு வந்து அதற்கும் ஒரு கோபம்.

(வகுப்பில் இதைப் படித்தபோது ஒரு தோழி கேட்டாள்: கண்ணாடி முன்னால் நின்றால் போதாதா? நியாயமான கேள்வி. கதையில் பெரியப்பாவைக் கண்ணாடி முன் நிற்க வைத்துப் பார்த்தேன். "இவன் ஒரு தப்பும் பண்ண மாட்டேங்கிறான். இவனை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று திரும்பி வந்துவிட்டார்.)

4

பெரியம்மா மகள் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை.

(இந்தப் பகுதியை ஒரு பெரிய சண்டையாக எழுதி— இல்லை, அவர்கள் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.)

துணிப்பையோடு பெரியம்மா கூடத்துக்கு வந்தபோது பெரியப்பா நடுவில் நின்றிருந்தார்.

"வழிய விடுங்க. வண்டி வந்துடும்."

"வர்ற வரைக்கும் எதிர்ல கொஞ்சம் நில்லேன்."

"எதுக்கு?"

"எதிர்ல ஆள் இல்லாம எனக்குக் கை தூக்க வரல."

வேறு எதையும் அவர் இவ்வளவு சின்னக் குரலில் கேட்டதில்லை.

பெரியம்மா அவரையே பார்த்தார். "நல்ல ஆளப் பாத்துக் கூப்பிட்டீங்க. பேக்டரில நான் எந்த வரிசை?"

"கடைசி. அந்த உயரமான அக்காவுக்குப் பின்னால."

"ஏன் அங்க நின்னேன்? அவங்க முதுகுக்குப் பின்னால சும்மா நிக்கலாம். ஒரு நாள்கூட நான் கை தூக்கினதில்ல, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரியுமா? ஊரையே கூப்பிட்டுத் திட்டுவீங்க. என்னை ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னை முன் வரிசைக்கு வரச் சொல்லணும். நீ முன்னால நின்னா எனக்கு எண்ணிக்கை தப்பிடும்."

பெரியம்மா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "கிழவனுக்குப் பேச்சப் பாரு" என்றார். வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது.

5

முடிவு ஒன்று: பெரியம்மா நிற்கிறார், பெரியப்பா எண்ணுகிறார், அன்று இரவு நன்றாகத் தூங்குகிறார். வகுப்பில் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இத்தனை மாதக் கடுகடுப்பை ஒரே பேச்சில் துடைத்துவிடலாம் என்றால் பெரியம்மா என்னைச் சும்மா விடமாட்டார்.

முடிவு இரண்டு: பெரியம்மா போய்விடுகிறார். பெரியப்பா பூங்காவில் யாரோ முன்பின் தெரியாதவர்களுக்கு எதிரில்— எழுத மனம் வரவில்லை.

பெரியம்மாவிடமே கேட்டேன். ஹாரன் வரைக்கும் விரிவாகச் சொன்னவர் அங்கே நிறுத்திவிட்டார். "அப்புறம் என்னாச்சு பெரியம்மா?" என்றேன். "அப்புறம் என்ன அப்புறம். எல்லாத்தையும் உங்கிட்ட சொல்லணுமா?" என்றார்.

ஆக, என் கையில் இருப்பது இவ்வளவுதான். கூடத்தில் பெரியப்பா இடது கையைத் தோள்வரை தூக்கி, மேலே கொண்டுபோகாமல் வைத்திருக்கிறார். பெரியம்மா பையோடு எதிரில் நிற்கிறார். வண்டிக்காரர் மறுபடி ஹாரன் அடிக்கிறார். நீங்கள் சற்று உள்ளே வந்து அந்தப் பையை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிக்குப் போகக் கதவைத் திறப்பதானாலும் சரி, எதிரில் நின்று மேலே தூக்குவதானாலும் சரி, பெரியம்மாவுக்குக் கை காலியாக வேண்டும்.