இருபத்தைந்து இடைவெளிகள்

என் கணவர் சோதிலிங்கம் ஒரு வேலையில் இறங்கினால் முடிக்காமல் விடமாட்டார் என்று ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்ச் சனம் முழுக்கச் சொல்லும். சொல்லட்டும். எங்கள் வீட்டு முன்வளவு வேலியை அவர் நாலு சனிக்கிழமைகளாக அரைகுறையாய் விட்டிருந்ததை நான் வெளியில் மூச்சுக்கூட விடவில்லை.

அது 2006ஆம் ஆண்டு யூன் மாதம். உலகக் கிண்ணக் காற்பந்து நடந்ததால் தெருவில் வீட்டுக்கு வீடு கொடி. எங்கள் வீட்டு முகப்பில் மட்டும் வலது கரையில் ஓட்டை விழுந்த ஒரு வேலி.

அந்த வேலியில்தான் என் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிற தாய்மாரின் சின்னப் பிள்ளைகளைப் பகலில் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பவளை இங்கே டாகஸ்முட்டர் என்பார்கள். பகல் அம்மா என்று அர்த்தம். தையல் திருத்தும் கடையொன்றில் பதினொரு வருடம் ஊரார் காற்சட்டைகளைக் கட்டையாக்கி அலுத்துப்போன நான், ஒரு குளிர்காலம் முழுக்க மாலை வகுப்புக்குப் போய், முதலுதவியும் படித்துப் பாஸ் பண்ணியிருந்தேன். மிச்சம் இருந்தது டெர்மின் ஒன்றுதான், அதிகாரி வீட்டைப் பார்வையிட வரும் குறித்த நாள்.

முதல்முறை வந்த பெக்கர் என்ற அதிகாரி, முன்வளவு பஸ் ஓடும் தெருவில் திறந்து கிடப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். வேலி வேண்டும், இடைவெளி ஒன்பது சென்ரிமீற்றருக்கு மேல் போனால் பிள்ளையின் தலை அகப்பட்டுவிடும் என்றாள். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் விண்ணப்பத்தை மூடிவிடுவேன், வருகிற வருடம் திரும்பப் போடுங்கள் என்று சிரித்தபடியே சொன்னாள். எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. வாழ்க்கையில் நான் காத்திருந்தது போதும்.

சோதிலிங்கம் கம்பித் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறவர். அளவில் மயிரிழை பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டு தூண்களையும் நட்டு, நடுவில் சரியாக நாலு மீற்றர் விட்டு, மேலும் கீழும் குறுக்குச் சட்டம் பூட்டினார். எட்டுச் சென்ரிமீற்றர் பலகை, எட்டுச் சென்ரிமீற்றர் இடைவெளி, சேர்த்தால் பதினாறு. நானூறைப் பதினாறால் பிரித்தார், இருபத்தைந்து வந்தது. இருபத்தைந்து பலகை வாங்கினார். இடைவெளிக்கென்று எட்டுச் சென்ரிமீற்றரில் ஒரு மரத்துண்டையும் வெட்டிக்கொண்டு, இடது தூணிலிருந்து தொடங்கினார். துண்டை வைப்பார், பலகையை வைப்பார், திருகாணி முடுக்குவார், திரும்பத் துண்டை வைப்பார்.

இருபத்து நாலு பலகை வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. இருபத்தைந்தாவது போய் வலது தூணோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் தூண் நின்றால் பலகையைவிட இடைவெளி ஒன்று கூடுதலாக வேண்டும் என்பதை மனுசன் மறந்துபோனார். கோபத்தில் அந்தப் பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்தினார். அது நின்ற இடத்தில் பதினாறு சென்ரிமீற்றர் ஓட்டை. பிள்ளையின் தலை என்ன, பிள்ளையே போய்விடும்.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் லோறன்ஸ் வந்து பார்த்தான். “ஒட்டிக்கொண்டு நிண்டா என்ன அண்ணை? திரும்பப் பூட்டுங்கோ. தங்கமான வேலி,” என்றான். அவன் வீட்டு அலுமாரியே சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி.

“அந்தப் பலகையைப் பூட்டிவிடுங்கோவன்,” என்று நானும் கேட்டேன்.

“அது வடிவில்லை. ஆறுதலாக் கழட்டிச் சரியாச் செய்வம்.”

ஆறுதல் என்றால் அப்படியொரு ஆறுதல். ஒரு சனிக்கிழமை மழை, ஒரு சனிக்கிழமை இடுப்பில் நாரிப்பிடிப்பு, ஒரு சனிக்கிழமை ஆர்ஜென்ரீனா விளையாடியது. பெக்கர் வருவதற்கு முதல்நாளும் வந்துவிட்டது. அன்று பின்னேரம் நாலு மணிக்குக் கடையிலிருந்து திரும்பியபோது ஓட்டை அப்படியே இருந்தது. அவர் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாத்தியிருந்த பலகையையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு முன்வளவுக்குப் போனேன்.

பின்னால் ஓடிவந்தார். “என்ன செய்யிறீர்? விடும், பலகை வெடிக்கப்போகுது!”

“வெடிச்சா வெடிக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு அவ வாறா. உங்களுக்குப் பலகையிலை பிரச்சினை இல்லை. பிள்ளையள் வாறதுதான் பிரச்சினை.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளைக்காக எசன் நகரில் இருந்த ஒரு கிளினிக்குக்கு நாலு வருடம் ரயில் ஏறினோம். மூன்றாம் முறை தங்கியது. ஒன்பதாம் கிழமை கலைந்தது. திரும்பி வரும்போது அவர் என் கையைப் பிடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை. கோயிலில் யாராவது “விசேசம் ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டால் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மரக்கறி விலை பேசுவோம்.

அவர் என் கையிலிருந்த சுத்தியலை வாங்கினார். பலகையையும் வாங்கித் திரும்பச் சுவரில் சாத்தினார்.

“வரட்டும் குணம்,” என்றார். “வாறது சந்தோசம்தான். ஆனா நாலு மணிக்கு ஒவ்வொருத்தராக் கூட்டிக்கொண்டு போயிடுவினம். ஒவ்வொரு நாளும் போவினம். அதை உம்மாலை தாங்க ஏலுமோ?”

என்னைப் பற்றிக் கேட்கிறாரா, தன்னைப் பற்றிக் கேட்கிறாரா என்று நான் யோசிக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

“ஏலுமோ எண்டு எனக்கும் தெரியாது,” என்றேன். “எனக்கும் பயம்தான். ஆனா பிள்ளையே இல்லாத பகலை இருபது வருசம் தாங்கிப் பார்த்திட்டன். இது அதைவிடக் கஷ்டமா இராது.”

அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். எதிர்வீட்டு ஜெர்மன் கிழவர் கொடியைச் சரிசெய்வதுபோலப் பாசாங்கு பண்ணிக்கொண்டு பார்த்தார். பார்க்கட்டும்.

சோதிலிங்கம் திருகாணி முடுக்கியை எடுத்துவந்தார். “எல்லாத்தையும் கழட்டுவம். ஆனா இருபத்து நாலு பலகைக்கு இருபத்தைஞ்சு இடைவெளி எண்டா கணக்கு நேராய் வருகுதில்லை. எட்டுச் சொச்சம், பிறகு புள்ளிக்குப் பின்னாலை இழுபடுது. அந்தத் துண்டை எப்பிடி வெட்டிறது?”

“துண்டை எறியுங்கோ,” என்றேன்.

இது என் தொழில். இடுப்பில் துணி எட்டுச் சென்ரிமீற்றர் மிஞ்சினால் அதை ஒரு கரையில் கும்பலாய் விட்டுத் தைக்கிறவள் தையற்காரியே இல்லை. இடுப்புச் சுற்று முழுக்கப் பகிர்ந்துவிட வேண்டும். அப்போது எந்த மடிப்புக்கும் பாரமாயிராது. அவர் பலகைகளைக் கழற்றி முடிக்க, பாவாடைக்குப் போடும் இலாஸ்டிக்கை எடுத்துவந்து மேசையில் தளர்வாய் விரித்து, ஒரு முனையிலிருந்து பன்னிரண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக இருபத்தைந்து கோடு போட்டேன். அந்த முனையை இடது தூணில், உள்விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாய் ஒரு பலகை அகலம் தள்ளிக் குத்தினேன். மற்ற முனையை அவர் இழுத்தார். கடைசிக் கோடு வலது தூணின் உள்விளிம்பைத் தொட்டதும் நிறுத்தச் சொன்னேன். கோடுகள் எல்லாம் ஒரே அளவில் விலகி நின்றன. தூணைத் தொட்ட கடைசிக் கோட்டைத் தவிர ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பலகை தொடங்கவேண்டும், அவ்வளவுதான். அளவு நாடா கணக்குக் கேட்கும், இலாஸ்டிக் கேட்காது.

அவர் பலகை அகலத்தைக் கழித்து ஒரு இடைவெளியை அளந்து பார்த்தார். எட்டுச் சென்ரிமீற்றரும் மூன்று மில்லிமீற்றரும். இன்னொன்றை அளந்தார். அதுவும் அதே. பிறகு என்னைப் பார்த்தார். இருபது வருடத் தாம்பத்தியத்தில் அந்தப் பார்வை எனக்கு மூன்று தரம்தான் கிடைத்திருக்கிறது.

நான் பலகையைப் பிடித்தேன், அவர் முடுக்கினார். பத்துப் பலகை ஏறியது. பிறகு, அந்த ரயிலில் வந்த நாளில் ஜன்னலுக்கு வெளியே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். “ஒண்டும் பார்க்கேல்லை. உம்மைப் பார்த்தா அழுதிடுவன் எண்டு அங்காலை திரும்பி இருந்தனான்,” என்றார். ஆறு வருடம் நான் அதை வேறுவிதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்ன நினைத்தேன் என்பதை அவருக்குச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பலகையைக் கேட்டார்.

மறுநாள் அவர் காலை வேலைக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு வந்த பெக்கர் கையில் ஒரு ஒன்பது சென்ரிமீற்றர் அளவுக் கட்டையோடு வேலியின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரைக்கும் நடந்தாள். அது எந்த இடைவெளியிலும் நுழையவில்லை. “குட்,” என்றாள். இந்த ஊரில் அதுவே பொன்னாடை. பிறகு, ஓகஸ்டில் பதினாலு மாதப் பெண்பிள்ளை ஒன்றுக்கு இடம் தேடுகிறார்கள், எடுக்க விருப்பமா என்று கேட்டாள். விருப்பமாவாம்!

இரண்டரை மணிக்கு வேலையால் வந்தவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியால் கலக்கிக்கொண்டே கேட்டார்.

“பதினாலு மாசமெண்டா நடக்குமோ?”

“இப்பதான் நடக்கத் தொடங்கியிருக்காம்.”

“மத்தியானம் நித்திரை கொள்ளுமோ?”

“ஓம், பின்னை. பன்னிரண்டரைக்குப் படுக்க விட்டா ரெண்டு மூண்டு மணித்தியாலம் கொள்ளும்.”

கலக்குவதை நிறுத்திவிட்டுச் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

“ரெண்டேகாலுக்கு எழுப்பிப் போடும்,” என்றார். “நான் வரேக்கை முழிச்சிருக்கவேணும்.”