பரானியா எழுந்து நின்ற பாட்டு

"மூச்சை உள்ள இழும்மா. இன்னும்."

தேவாலயத்தின் அடித்தளச் சமையலறையில், தாயின் வயிற்றைச் சுற்றிய அகலப் பட்டையை டாரியா நாற்காலியில் முழங்காலை ஊன்றி இழுத்தாள். அந்த இழுப்புக்கு உழவுக் குதிரையே மண்டியிட்டிருக்கும். சக்கர நாற்காலியில் இருந்த பரானியா அசையவில்லை.

"இவ்வளவுதானா உன் பலம்? இறுக்குடி."

"பட்டை வயித்துக்குத்தாம்மா. வாய்க்கும் ஒண்ணு வாங்கியிருக்கணும்."

மேலே சவப்பெட்டிக்குள் டாரியாவின் அப்பா நெஸ்டர் படுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டார். அரை நூற்றாண்டாக இந்தத் தேவாலயத்தில் பாட்டை முன்னின்று பாடியவர். அவர் குரலெடுத்தால் கனடாவின் சாஸ்கட்செவன் மாகாணக் கோதுமை முழுக்க அடுத்த மாகாணம்வரை தலைசாய்க்கும் என்பார்கள். இடுப்பெலும்பு முறிந்து மறுவாழ்வு மையத்தில் கிடந்த பரானியாவுக்கு, அந்தச் செய்தி படுக்கையில் வைத்தே சொல்லப்பட்டது. எழுந்து நிற்கும்போது சொல்ல முடியாது. எழுந்தாலே அவள் ரத்தம் மொத்தமும் காலுக்கு இறங்கி, மூளைக்கு ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காது. கண் இருட்டும், முழங்கால் மடங்கும். அதைத் தடுக்கத்தான் வயிற்றில் பட்டையும் காலில் இறுக்கமான காலுறையும்.

இன்னொரு முறை விழுந்தால் வீடு திரும்புவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பரானியாவோ, "கடைசிப் பாட்டுக்கு நான் நிக்கணும்" என்று சொல்லியிருந்தாள்.

'நித்திய நினைவு' என்ற அந்தப் பாட்டை மூன்று முறை பாடித்தான் இங்கே யாரையும் மண்ணுக்கு அனுப்புவார்கள். அதற்கு எழுந்து நிற்காதவர் பெட்டிக்குள் இருப்பவர் மட்டும்தான்.

"உக்காந்தே கேட்டா கடவுள் கோவிச்சுக்குவாரா?" என்றாள் டாரியா.

"அவர் பொறுத்துக்குவாரு. உங்கப்பா விடமாட்டாரு."

மேலே போனதும் வினை ஆரம்பித்தது. நற்செய்தி வாசிப்புக்கு எல்லோரும் எழுந்தார்கள். எல்லோரும் நிற்க ஒரு விதவை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால், இந்த ஊர் ஆண்களுக்குத் தூக்கம் வராது. பெட்டி சுமக்க வந்த கோஸ்டியுக் சகோதரர்கள், கலப்பையளவு கை கொண்டவர்கள், பரானியாவை ஆளுக்கொரு அக்குளில் பிடித்து, தானிய மூட்டையைப் போல ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினார்கள். அவள் முகம் வெளியே கிடந்த பனியைவிட வெளுத்தது. தலை தொங்கியது.

டாரியா அவளை உட்காரவைத்து, நாற்காலியைப் பின்னால் சாய்த்து, கால்களைத் தூக்கி முன்பெஞ்சின் மேல் போட்டாள். யாரோ கோட்டுக்குள்ளிருந்து ஒரு மடக்கு சாராயம் நீட்டினார்கள்.

"அது ரத்த அழுத்தத்த இன்னும் கீழ இறக்கிடும். வைங்க உள்ள."

பெரிய கோஸ்டியுக், பெட்ரோ, தொப்பியைப் பிழிந்துகொண்டு நின்றான். "உதவிதானே பண்ணோம்?"

"அந்த உதவிதான் கொல்லப் பாக்குது, பெட்ரோ. இனிமே யாரும் தொடாதீங்க."

மெல்ல நிறம் திரும்பியது. டாரியா தாயின் காதருகே குனிந்தாள். "போதும்மா. நிக்கவேண்டாம். நீ வீட்டுக்கு வரணும்."

பரானியாவின் பாவாடை விளிம்பு ஆடுவதை டாரியா கவனித்தாள். பெஞ்சின் மேல், இறுக்கமான காலுறைக்குள் இரண்டு பாதங்களும் மேலும் கீழும் மிதித்துக்கொண்டிருந்தன, தையல் இயந்திரத்தை மிதிப்பதுபோல. காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ள, மறுவாழ்வு மையத்துப் பயிற்சியாளர் மார்லீன் சொல்லிக்கொடுத்தது அது; எழும்முன் நிறையத் தண்ணீர் குடிக்கவும் சொல்லியிருந்தாள்.

"தண்ணி குடு."

"அம்மா."

"பெரிய குவளையில."

டாரியா போய்க் கொண்டுவந்தாள். பரானியா ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. நெஸ்டரின் இடத்தில் இன்று வசில் நின்றார். தனக்கு அந்த இடம் கிடைக்காததற்காக நெஸ்டரோடு இருபது வருடம் பேசாமலிருந்த மனுஷன். முதல் முறை முடிந்தபோது பரானியா கால்களைக் கீழிறக்கி, நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்திருந்தாள். இரண்டாம் முறை முழுக்க, முன்பெஞ்சைப் பிடித்தபடி, தலையில் சுற்றும் உலகம் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். மூன்றாவது முடியும்போது இருக்கையை விட்டு எழும்பியிருந்தாள், அவ்வளவுதான். அரிவாள்போல வளைந்து பாதியில் நின்றாள்.

பாட்டு ஓய்ந்தது. நான்காவதாகப் பாடுவது இந்த ஊரில் கிடையாது. நெஸ்டரே அதற்கு இடம் கொடுத்ததில்லை.

வசில் திரும்பிப் பார்த்தார். மூச்சை இழுத்து, பாட்டை மறுபடி எடுத்தார்.

பாதிரியார் புருவத்தை உயர்த்தினார். அதற்குள் தேவாலயமே சேர்ந்துகொண்டது. ஐந்தாவதும் போனது. தொட்டுவிடுவோமோ என்ற பயத்தில் கோஸ்டியுக் சகோதரர்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு, கூரையின் ஆணி கழலும்படி பாடினார்கள். பாட்டுக்கு ஒரு விரற்கடையாக பரானியா நிமிர்ந்தாள். ரத்தம் கீழே இறங்காதபடி கால்களைப் பின்னி, தொடையை இறுக்கினாள்.

நேராக நின்றாள்.

டாரியா அவள் உதடுகளைப் பார்த்தாள். வெளுக்கிறதா? இல்லை. முழங்கால்? நடுங்கியது, மடங்கவில்லை. எதிரே பெட்டியின் மூடியை நேராகப் பார்த்தபடி பரானியாவும் பாடத் தொடங்கியிருந்தாள், சுதியில்லாமல்.

பாட்டு முடிந்தது. யாரும் உட்காரவில்லை.

"வசில்," என்றாள் பரானியா, எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னும் ஒண்ணு."

வசில் தொண்டையைச் செருமினார். தாயின் இருபுறமும் காற்றில் விரித்து வைத்திருந்த கைகளை டாரியா மெல்ல இறக்கி, தன் கோட்டுப் பைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.